கறி என்றால் இறைச்சியா, காயா, மிளகா?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு சந்தேகம், இங்கே பழைய தமிழ் படித்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். எனக்கு ஊர் மதுரை. எங்கள் பக்கம் கறி என்றால் ஆட்டிறைச்சி, அதில் பேச்சுக்கே இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் "கறி எடுத்தாச்சா" என்று கேட்டால் கறிக்கடைக்குப் போய் வந்தாச்சா என்று அர்த்தம். கறிதோசை, கறிக்குழம்பு, கறிவிருந்து எல்லாம் அதே கணக்குதான். கோழியைக்கூட கோழிக்கறி என்று முன்னால் ஒரு சொல் போட்டுத்தான் சொல்வோம், வெறும் கறி என்றால் ஆடு.

இப்போது சென்னையில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு மாமிக்கு கும்பகோணம், அவர் வாயில் கறி என்றால் வாழைக்காயோ சேனையோ சேப்பங்கிழங்கோ, எண்ணெயில் வதக்கி எடுத்த ஒரு காய். அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் யாழ்ப்பாணம், அவர் பருப்பையும் கறி என்கிறார், கத்தரிக்காயையும் கறி என்கிறார், மீனையும் கறி என்கிறார். மூன்று பேரும் தமிழர்தான், மூன்று பேருக்கும் ஒரே சொல்தான், ஆனால் தட்டில் வருவது வேறு வேறு.

இதில் எது பழைய அர்த்தம்? முதலில் மிளகுக்குத்தான் கறி என்று பெயர் என்று ஒருவர் சொன்னார். மிளகு கருப்பாக இருப்பதால் "கரி", அதிலிருந்து கறி என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதைவிட, ஆங்கிலத்துக் கறி நம்மிடமிருந்தே போகவில்லை, 600 வருடத்துக்கு முன்பே அங்கே அந்தப் பெயரில் ஒரு சமையல் நூல் இருக்கிறது என்றும் படித்தேன். சான்றோடு யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


பழம்பாட்டு:

மிளகு என்று சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சங்கப் பாடல்களில் கறி என்று வரும் இடங்களில் பெரும்பாலும் மிளகுதான். அகநானூறு 149ஆம் பாட்டில் முசிறித் துறைமுகம் வருகிறது, "யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று. யவனருடைய (கிரேக்க, ரோம வணிகருடைய) மரக்கலம் பொன்னைக் கொண்டுவந்து இறக்குகிறது, போகும்போது கறியை ஏற்றிக்கொண்டு போகிறது. இங்கே கறிக்கு ஆட்டிறைச்சி என்றோ வாழைக்காய் வதக்கல் என்றோ பொருள் சொல்ல வழியே கிடையாது. பொன் கொடுத்து வாங்கிய பொருள் மிளகு.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீதியில் குவிந்து கிடக்கும் சரக்குகளைச் சொல்லும்போது "காலின் வந்த கருங்கறி மூடையும்" என்று ஒரு வரி. மூடை என்றால் மூட்டை. புறநானூறு 343இல் பரணரும் முசிறியில் வீட்டுக்குள் குவித்து வைத்திருக்கும் கறிமூடையைச் சொல்கிறார். குறுந்தொகையில் கபிலர் "கறிவளர் அடுக்கத்து" என்று ஒரு பாட்டைத் தொடங்குகிறார், மிளகுக் கொடி படர்ந்த மலைச்சரிவு. இறைச்சியோ சமைத்த காயோ மலைச்சரிவில் வளராது, ஆக அங்கேயும் கேள்விக்கே இடமில்லை.

அந்த "கருங்கறி"யைக் கொஞ்சம் கவனியுங்கள். நீங்கள் கேட்ட கரி, கருப்பு கதைக்கு அதிலேயே பதில் இருக்கிறது. கறி என்ற சொல்லுக்கே கருப்பு என்று அர்த்தம் இருந்திருந்தால் அதன் முன்னால் "கரும்" என்று இன்னொரு கருப்பைப் போட வேண்டிய தேவை புலவருக்கு இருந்திருக்காது. தவிர கறியில் வருவது வல்லின ற, கரியில் வருவது இடையின ர. அடுப்புக்கரி, யானையைக் குறிக்கும் கரி, சாட்சி என்ற பொருளில் வரும் கரி எல்லாமே இடையினம். இன்றைக்குப் பேச்சில் பலருக்கு இரண்டும் ஒன்றாக ஒலிப்பதால்தான் இந்தக் குழப்பம்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு, பெரும்பாணாற்றுப்படையில். பாணனிடம் வழியில் எந்தெந்த வீட்டில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறார் புலவர். அந்தணர் வீட்டுக்கு வரும்போது, மாதுளம் பிஞ்சைப் பிளந்து, பசுவின் மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் வேகவைத்து, "கறிகலந்து கஞ்சக நறுமுறி அளைஇ" என்கிறார். மிளகுப்பொடி கலந்து, கஞ்சக இலையைச் சேர்த்து. கஞ்சகம் என்பதற்கு உரைகாரர்கள் கறிவேப்பிலை என்று பொருள் சொல்கிறார்கள். அதோடு தொட்டுக்கொள்ள மாவடு ஊறுகாய் வேறு! நெய்ப்பசையில் வதங்கிய காய், மிளகு, கறிவேப்பிலை, பக்கத்தில் வடு. கும்பகோணம் மாமி தருகிற கறிக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. மாதுளம் பிஞ்சுதான் இப்போது யாரும் சமைப்பதில்லை.


பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் அலுவலக நண்பர் சொன்னது எங்களுக்குச் சாதாரணப் பேச்சு. எங்கள் ஊரில் சோறு, கறி என்று இரண்டே பிரிவுதான். சோற்றோடு பிசைந்து சாப்பிடுவதற்காகச் சமைக்கிறது எல்லாம் கறி. பருப்புக் கறி, பூசணிக்காய்க் கறி, மீன் கறி, இறைச்சிக் கறி. "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டால் மொத்தச் சமையலையும் கேட்கிறோம் என்று அர்த்தம். தேங்காய்ப்பால் விட்டு மிளகாய்த்தூள் போடாமல் வைத்தால் அது வெள்ளைக் கறி. தண்ணியாக விட்டால் குழம்பு, வற்றவிட்டு எடுத்தால் பிரட்டல். சொதி (தேங்காய்ப்பாலில் வைக்கிற தண்ணியான சாறு) மட்டும் தனி, அதை ஒருவரும் கறி என்று சொல்ல மாட்டார்கள்.

கடையில் விற்கிற ஆட்டையோ மாட்டையோ கறி என்று நாங்கள் சொல்கிறதில்லை, அது இறைச்சி. வாங்கிக்கொண்டு வந்து அடுப்பில் ஏற்றிச் சமைத்த பிறகுதான் கறி. தமிழ்நாட்டுக்கு முதன்முதல் போனபோது "கறிக்கடை" என்ற பலகையைப் பார்த்துவிட்டுச் சமைத்த சாப்பாடு விற்கிற கடை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போன சொந்தக்காரர் எனக்கு உண்டு.

சந்தையில் வாங்குகிற காய் எல்லாம் மரக்கறி. கத்தரி, வெண்டி, பயற்றங்காய், எல்லாமே. இறைச்சி மீன் சாப்பிடாத நாளை "மரக்கறி" என்போம், "வெள்ளிக்கிழமை எங்கட வீட்டில மரக்கறி" என்றால் அன்றைக்குப் படலைக்குள் மீன்காரரைக் கூப்பிட மாட்டோம்.

அப்புறம் பழம்பாட்டு ஐயா சொன்ன மிளகுக் கதை வாசிக்க எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பிள்ளை பெற்ற தாய்க்கு எங்கள் ஊரில் சரக்குக் கறி வைப்பார்கள். அதற்குச் செத்தல் மிளகாய் சேர்க்கக் கூடாது. மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு (சுக்கு), உள்ளி (பூண்டு), இவ்வளவையும் அம்மியில் மை மாதிரி அரைத்து, மீனோ முருங்கைக்காயோ போட்டு வைக்கிறது. கொதிக்கத் தொடங்கினால் அந்த மணம் முற்றம் வரைக்கும் வரும். உறைப்பு முழுக்க மிளகிலிருந்துதான், நாக்கில் பட்ட உடனே தெரியாது, விழுங்கினபிறகு தொண்டையில் பிடிக்கும். மிளகாய் வருவதற்கு முந்திய காலத்துக் கறி எல்லாம் இந்த ருசியில்தான் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.


அரங்கத்தெரு:

பனங்கூடல் சொன்னதற்கு அப்படியே இணையான ஒன்று எங்களிடம் உண்டு. திவசச் சமையல். அதில் மிளகாய் சேர்க்கக் கூடாது, உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைக்கோஸ் மாதிரி சீமைக் காய்கள் கூடாது. வாழைக்காய், சேனை, அவரை, பாகல், புடலை என்று நாட்டுக் காய்தான், காரத்துக்கு மிளகும் சீரகமும். பின்னால் வந்த பொருள் எதுவும் பிதிர்களுக்குப் படைக்கும் இலைக்கு வரக் கூடாது என்ற கட்டுப்பாடு, அதனால் 500 வருஷத்துக்கு முந்தைய சமையல் அப்படியே காப்பாற்றப்பட்டு வருகிறது. வருஷத்துக்கு ஒரு நாள் அந்த இலையில் உட்காரும்போது கறியில் மிளகு மணக்கும். பெரும்பாணாற்றுப்படை வரியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

எங்கள் வீடுகளில் கறியமுது என்போம். ரசம் சாற்றமுது, பாயசம் திருக்கண்ணமுது. பெருமாளுக்குக் காட்டிவிட்டுச் சாப்பிடுவதால் எல்லாம் அமுது. இது எங்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்கும் வழக்கு என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் சோழர், பாண்டியர் கோயில் கல்வெட்டுகளில் நிவேதனக் கணக்கு எழுதும் இடமெல்லாம் இந்த அமுது வருகிறது. நெய்யமுது, தயிரமுது, கறியமுது, அடைக்காயமுது (அதாவது பாக்கு).

அம்பாசமுத்திரத்தில் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 9ஆம் நூற்றாண்டு. கோயிலுக்குக் காசு கொடுத்து, அதன் வட்டியிலிருந்து சுவாமிக்கு என்னென்ன படைக்க வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று வகை பிரித்தே போட்டிருக்கிறது. புளி விட்டது ஒன்று, வேகவைத்தது ஒன்று, பொரித்தது ஒன்று. ஆக அந்தக் காலத்திலேயே கறி என்பது சோற்றுக்குப் பக்கத்தில் வைக்கும் சமைத்த பண்டம், அதுவும் கோயில் மடைப்பள்ளியில், இறைச்சிக்குச் சம்பந்தமே இல்லாமல். கறிக்குத் தேவையான மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி எல்லாவற்றையும் "காயம்" என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. மசாலா என்கிறோமே இப்போது, அதற்கு அன்றைய பெயர்.

வைகைக்கரை, நீங்கள் தினம் சொல்கிற "காய்கறி"யையும் இதோடு வைத்துப் பாருங்கள். மதுரையிலும் காய்கறிக் கடை என்றுதானே சொல்கிறீர்கள்? அங்கே இருக்கும் கறி எந்த ஆடு?


கொங்குச்சீமை:

எங்கள் ஊர்ப் பக்கமும் மதுரை மாதிரிதான், கறி என்றால் ஆட்டுக்கறி. ஒரு சின்ன விஷயம் மட்டும். பொங்கலை ஒட்டிக் "கறிநாள்" என்று எழுதுகிறார்களே, பஞ்சாங்கத்தில் இருப்பது கரிநாள், இடையின ர. நல்ல காரியம் தொடங்கக் கூடாத நாள் என்று பொருள். அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் கிடா வெட்டிக் கறி ஆக்குவதால் றகரம் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்கள், இப்போது சுவரொட்டியில்கூட அப்படித்தான் வருகிறது.


உரைகல்:

பழம்பாட்டு காட்டிய வரிகள் எல்லாம் சரி. ஆனால் அதை வைத்து "முதலில் மிளகு, அப்புறம்தான் சமைத்த பண்டம்" என்று நேர்கோடு போட்டுவிட முடியாது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதே சங்கத் தொகையிலேயே மற்ற அர்த்தமும் இருக்கிறது.

புறநானூறு 14. சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உங்கள் கை இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என்கிறான். அதற்குக் கபிலர், உன் கை யானையை அடக்கி, வில்லைப் பிடித்துத் தழும்பேறிய கை, அதனால் வலிது. உன்னைப் பாடுகிறவர்கள் "ஊன்துவை கறிசோறு உண்டு வருந்துதொழில் அல்லது" வேறு உழைப்பு அறியாதவர்கள், அதனால் எங்கள் கை மெலிது என்கிறார். ஊன்துவை (ஊன் என்றால் இறைச்சி), கறி, சோறு. இந்த இடத்தில் கறிக்கு மிளகு என்று பொருள் சொன்னால் வாக்கியம் நிற்காது. சோற்றோடு உண்ட ஒரு பண்டம் அது. ஊன்துவையைத் தனியாகச் சொல்லியிருப்பதால் அது இறைச்சிதான் என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

"கறிவளர் அடுக்கத்து" பாடிய அதே கபிலர்தான் இதையும் பாடியிருக்கிறார். ஒரே புலவர் கையில் ஒரே சொல் மலையில் படரும் கொடியாகவும் இருக்கிறது, இலையில் விழும் கறியாகவும் இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு அர்த்தமும் அன்றைக்கே பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவை.

இன்னொரு பக்கம் கறித்தல் என்ற வினைச்சொல்லையும் விட்டுவிடக் கூடாது. பல்லால் கடித்து மெல்லுவது. மாடு புல்லைக் கறிக்கும், அணில் கொட்டையைக் கறிக்கும். கடித்துத் தின்னப்படுவது கறி என்று வைத்தால் காய், இறைச்சி இரண்டுமே அதில் அடங்கிவிடும். மிளகுக்கு அந்தப் பெயர் இந்த வினையிலிருந்து வந்ததா, அல்லது மிளகிட்டுச் சமைத்ததால் பண்டத்துக்கு மிளகின் பெயர் வந்ததா? இரண்டு பக்கமும் வாதம் சொல்லலாம். என் கட்சி இரண்டாவது. காரணம், சங்கப் பாடல்களில் மிளகுப் பொருளுக்கு இருக்கும் வரிகளின் எண்ணிக்கையும் அழுத்தமும். மிளகிட்டுக் காரமாக்கியது கறி, சாறிட்டது சாறு, குழைய வைத்தது குழம்பு என்று போனால் நம் சமையல் பெயர்களின் போக்குக்கும் அது ஒத்து வருகிறது.

எந்தக் கட்சியாக இருந்தாலும் வைகைக்கரை கேட்ட "எது சரி" என்பதற்குப் பதில் மாறாது. சோற்றோடு சேர்த்துச் சாப்பிடச் சமைத்தது என்பதுதான் கல்வெட்டு முதல் இன்று வரை இடைவிடாமல் வரும் பொருள். யாழ்ப்பாணத்தார் அதை முழுதாக வைத்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் காயோடு நின்றது, மதுரையிலும் கொங்கிலும் ஆட்டோடு நின்றது. அந்தந்த வீட்டில் எதை விசேஷமாகச் சமைத்தார்களோ அதைப் பிடித்துக்கொண்டது சொல்.


நாஞ்சில்காரி:

மிளகுக்குக் கறி என்று பெயர் இருந்ததென்றால் அது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லையே, நானே கேட்டு நானே சொல்கிறேன். எங்கள் ஊரில், நாகர்கோவில் பக்கம், மிளகை நல்லமிளகு என்போம். கடையில் போய் வெறும் மிளகு என்று சொன்னால் மிளகாயா நல்லமிளகா என்று திருப்பிக் கேட்பார்கள். எல்லை தாண்டி மலையாளத்தில் முளகு என்றால் மிளகாய்தான், மிளகைச் சொல்ல வேண்டுமானால் குருமுளகு, நல்லமுளகு என்று முன்னால் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் கப்பலில் 16ஆம் நூற்றாண்டு வாக்கில் இங்கே வந்தது. அதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் மிளகு போலக் காரமான காய், மிளகாய். கடைசியில் வந்தவன் வீட்டுக்காரன் பெயரையும் எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். அதற்கு முன்பே கறி என்ற பெயர் மிளகைவிட்டுச் சமைத்த பண்டத்துக்குப் போய்விட்டது. ஆக இந்த ஒரு கொடி இரண்டு முறை தன் பெயரைப் பறிகொடுத்திருக்கிறது.

பெரும்பாணாற்றுப்படையில் மூன்றாவது பெயரும் உண்டு, மிரியல். பலாப்பழம் அளவுக்கு மிளகுப் பொதிகள், அதைச் சுமந்து சுமந்து முதுகில் வடு விழுந்த கழுதைகள் வரிசையாகப் போகும், அந்த இடத்தில் வருகிறது. தெலுங்கில் மிளகுக்கு மிரியாலு. சிங்களத்தில் மிளகாய் மிரிஸ், மிளகு கம்மிரிஸ். வடமொழி மரிசம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

மலையாளத்திலும் கறி, வல்லின றகரத்தோடுதான். மீன் கறி, கடலைக் கறி. யாழ்ப்பாண வழக்கும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்று.


வைகைக்கரை:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. அரங்கத்தெரு கேட்ட காய்கறிக் கேள்வி நியாயமானது, தினமும் சொல்கிற சொல்லுக்குள்ளேயே பதில் இருந்திருக்கிறது. இரண்டு மட்டும் மிச்சம். ஆங்கிலக் கதைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம் கறிவேப்பிலை. வீட்டில் எல்லாரும் கருவேப்பிலை என்கிறார்கள். கறியில் போடுவதால் கறிவேப்பிலையா, கருத்த வேப்பிலை என்பதால் கருவேப்பிலையா?


தூரதேசி:

ஆங்கிலக் கதைக்கு நான் வருகிறேன், இங்கே லண்டனில் இது அடிக்கடி காதில் விழும் வாதம். நீங்கள் படித்த அந்த நூல் உண்மையில் இருக்கிறது. 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்டு அரசனின் சமையல்காரர்கள் தொகுத்தது, ஃபார்ம் ஆஃப் கியூரி என்று அழைக்கிறார்கள். ஆனால் அந்தக் கியூரி என்ற சொல்லுக்குச் சமையல் என்று பொருள், பிரெஞ்சில் சமைப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. நூலின் பெயருக்கே "சமையல் முறை" என்றுதான் அர்த்தம். நம் கறிக்கும் அதற்கும் ஒலியைத் தவிர வேறு உறவு கிடையாது. ஒலி ஒத்துப்போனதும் மூலம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டுவது எவ்வளவு தப்பு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை, அது அவர்கள் பக்கமானாலும் சரி, நம் பக்கமானாலும் சரி.

நம் சொல் போன வழி போர்ச்சுகீசியர் வழி. கோவாவில் இருந்த கார்சியா ட ஓர்டா என்ற மருத்துவர் 1563இல் அச்சிட்ட நூலில், இங்குள்ளவர்கள் கோழியிலும் இறைச்சியிலும் சமைக்கும் பண்டத்தைக் "கரில்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். போர்ச்சுகீசிய மொழியில் இன்றும் அதுதான் பெயர். அந்த நூற்றாண்டின் கடைசியில் டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடும், கொஞ்சம் புளிப்பான மீன்சாறு ஒன்றைப் பற்றி எழுதி, அதன் பெயரும் கறி என்கிறார். புளி ஊற்றிய மீன்குழம்பு என்று நமக்குப் புரிகிறது.

1747இல் ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் எழுதிய ஆங்கிலச் சமையல் நூலில் இந்திய முறையில் கறி செய்வது எப்படி என்று ஒரு குறிப்பு இருக்கிறது. இந்தத் திரியில் எல்லாரும் மிளகைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதால் சொல்கிறேன், அதன் முதல் பதிப்பில் மசாலா என்று பார்த்தால் மிளகும் கொத்தமல்லி விதையும்தான். மஞ்சளும் இஞ்சியும் பிந்திய பதிப்புகளில் வந்து சேர்ந்தன. 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி இந்தச் சொல் தமிழ்க் கறி என்று தெளிவாகவே போட்டிருக்கிறது.

அங்கிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டன் வழியாகத்தான் ஜப்பானுக்கும் போனது. அங்கே கரே என்கிறார்கள், கெட்டியான மாவுக்குழம்பைச் சோற்றின் பக்கத்தில் ஊற்றித் தருகிறார்கள். நம் நாக்குக்கு இனிப்பாக இருக்கும். ஆனாலும் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட வைத்தது என்ற அந்த ஒரு குணம் மட்டும் மாறவில்லை பாருங்கள்.

கூடவே ஒன்று. ஆங்கிலத்தில் மிளகுக்கு இருக்கும் பெப்பர் என்ற சொல் நம் கறியிலிருந்தோ மிளகிலிருந்தோ வந்ததில்லை. அது பிப்பலி, அதாவது திப்பிலி. யவனர் வாங்கியது மிளகு, எடுத்துக்கொண்டு போன பெயர் திப்பிலியுடையது. மிளகு போன இடத்துக்குச் சான்று வேண்டுமானால் எகிப்தில் செங்கடல் கரையில் பெரனீகே என்ற பழைய துறைமுகத்தில், கோயில் ஒன்றின் உள்ளே, இந்தியாவில் செய்த பெரிய சாடியில் 7 கிலோவுக்கு மேல் மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டுச் சரக்கு.


உரைகல்:

தூரதேசி கடைசியில் சொன்னது அருமை. பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்தது போய் இறங்கிய இடத்தையே காட்டிவிட்டீர்கள்.


பழம்பாட்டு:

கறிவேப்பிலைக்கு வருகிறேன். எழுத்தில் கறிவேப்பிலை என்றுதான் எழுத வேண்டும் என்பது என் கருத்து. கறிக்கு ஆகும் வேம்பு, அதன் இலை. வேப்பிலை மாதிரியே ஈர்க்கில் இருபுறமும் வரிசையாக இலை நிற்பதால் வேம்பு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, ஆனால் வேம்பின் கசப்பு இல்லை, சமையலுக்கு ஆகும். மரமாய் ஓங்கி நிற்கும் கசப்பு வேம்பையும் அடுப்பங்கரைக்கு வரும் வேம்பையும் பிரித்துச் சொல்ல ஒரு அடைமொழி தேவைப்பட்டது, கறி அதைச் செய்கிறது.

கருவேப்பிலை என்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த இலை வேப்பிலையைவிடக் கரும்பச்சை. முற்றிய கொத்து ஒன்றைப் பறித்து வேப்பங்கொத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சட்டென்று தெரியும். பேச்சில் அப்படிச் சொல்கிறவர்களை நான் திருத்த மாட்டேன். பெரும்பாணாற்றுப்படையில் இரண்டு பெயரும் இல்லை, கஞ்சகம்தான் இருக்கிறது, அதனால் அதை வைத்து வழக்கைத் தீர்க்கவும் வழியில்லை.


நாஞ்சில்காரி:

மலையாளத்தில் கறிவேப்பில, வல்லின ற. அதைக் கறிவேப்பிலை கட்சிக்கு ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் மலையாளத்தில் இரண்டு ரகரமும் இன்றும் வாயில் தனித்தனியாக ஒலிக்கும், தப்பிப் போக வாய்ப்புக் குறைவு.

கன்னடத்தில் கரிபேவு. பேவு என்றால் வேம்பு, கரி என்றால் கருப்பு, ஆகவே கருவேம்பு என்று அங்கே பொருள் சொல்கிறார்கள். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பழைய கன்னடத்தில் வல்லின றகரத்துக்குத் தனி எழுத்து இருந்தது, பின்னால் அது போய் எல்லாம் ஒரே ரகரமாகிவிட்டது. இன்றைய எழுத்தை மட்டும் பார்த்து அது எந்த ர என்று சொல்ல முடியாது. பழைய கன்னட நூலோ கல்வெட்டோ படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், பேவுக்கு முன்னால் எந்த எழுத்து நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.